காகிதமில்லாப் புதையல்

2000 மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்த பிழையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் காட்டில் ஒருவர் வாளியைப் பாதி புதைத்துவிட்டு, தேடுங்கள் என்றார். பிறந்தது ஜியோகேச்சிங் எனும் ஜிபிஎஸ் புதையல் வேட்டை.

இப்போது குறிப்பு, வரைபடம் எல்லாம் கைக்கருவிக்குள். காகிதமே வேண்டாமாம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபு பாசாரில், அதாவது நம் கடைத்தெருவில், கருவி நாலைந்து மீட்டர் தடுமாறும். கடைமுன் நடைபாதையான அஞ்சடியோ பெயருக்கேற்ற அகலம்தான்! புதையல் மளிகைக்கடை அரிசி மூட்டைக்குள் இருப்பதாகக் கருவி சத்தியம் செய்யும்.

"என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்பார் கடைக்கார அண்ணன்.

ஒருவழியாக டப்பா அகப்படும். திறந்தால், வந்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட ஒரு காகிதச் சுருள்.

"அண்ணே, பேனா இருக்கா?"