காப்பிய ஏத்து!

தாண்டிக்குடியில் சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு வாடகை ஜீப் வேண்டுமென்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எங்கள் அண்ணனை மட்டும் கூப்பிடாதீர்கள். வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும். அண்ணனும் உள்ளேதான் இருப்பார். டீசல் இருக்கும், சாவி தொங்கும். ஆனால் வண்டி நகராது. சீனாவில் அப்போது மணி ஏழரை.

அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு. மேலே போனால் பண்ணைக்காடு, கீழே இறங்கினால் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு, எப்போதாவது மகனைப் பார்க்கக் கோயமுத்தூர். இவ்வளவுதான் அவர் புழங்கும் பூமி. பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் சீனக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஏனென்றால் அங்கே கவச வீரன் தொடர் ஒன்று புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஓர் எபிசோடு. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு ஏற்றுவார்கள் என்பது அவர் கணக்கு. ஏற்றினவுடன் பார்த்துவிட வேண்டும். பாஷை புரியாது, அது ஒரு பொருட்டில்லை. சப்டைட்டில் வர இரண்டு நாள் ஆகும். அப்போது மறுபடி பார்ப்பார். முதல் தடவை பார்ப்பது சண்டைக்கு, இரண்டாம் தடவை பார்ப்பது நியாயத்துக்கு.

இப்படி ஓர் ஆள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார். 1950-ல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடங்கி மூன்றரை வருஷம் ஓடியபோது, பத்திரிகைக் கட்டு வரும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றவர் இவருடைய பெரியப்பா மாதிரி ஒருவர்தான். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் சக்திமான் சுழல ஆரம்பித்தபோது கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, “தெரியுதா? இப்பத் தெரியுதா?” என்று கத்தினவரும் இவர் வகையறா. நம் அண்ணன் அந்தக் கூரையிலேயே வாலிபத்தைக் கழித்தவர். சக்திமானின் முகத்தைவிட அந்தக் குழாயைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். அவர் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கீழே படம் தெரியும் என்பதால் முழு எபிசோடு ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. இப்போது கையகலத் திரையில் வட்டியோடு வசூலிக்கிறார்.

சீனாக்காரன் எப்படி நடுவில் வந்தான் என்றால், மகன் மூலமாகத்தான். 2016 கடைசியில் டேட்டா சல்லிசாகக் கிடைத்தபோது, பையன் பவர் ரேஞ்சர்ஸ் தேடப்போய் ‘கவச வீரர்’ என்ற சீனத் தொடரில் விழுந்தான். 2009 வாக்கில் வந்தது, 52 எபிசோடு. பையன் நாலாவதோடு விட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். அப்பா இன்னும் இறங்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த சிங்தியன், நாவா என்று ஒவ்வொரு தொடரையும் வரிசை தப்பாமல் முடித்துவிட்டு, புதுத்தொடர் எப்போது வரும் என்று காத்திருக்கிறவர் ஆகிவிட்டார். பையன் இப்போது கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன் பண்ணினால், “அப்பா, எத்தனாவது எபிசோடு?” என்று கேட்பான். சாப்பிட்டாயா, பணம் வந்ததா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் கதாகாலட்சேபம். இருபது நிமிஷ எபிசோடை அண்ணன் நாற்பது நிமிஷம் சொல்வார். மேஜைமேல் இருக்கிற வடை ராட்சசன், டீ கிளாஸ் நாயகன், பிஸ்கட் பாட்டில் தலைநகரம். கேட்பவர்கள்: டீ மாஸ்டர், வாழைத்தார் ஏலத்துக்குப் போகிற மாமா, மருந்தடிக்கப் போகிற இரண்டு பேர், நான். மாமாவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரே சந்தேகம்.

“ஏப்பா, அவன் பெல்ட்டத் தட்டி, கையச் சுத்தி, கவசத்த ஒவ்வொண்ணா மாட்டுறான். அரை நிமிசம் ஆகுது. அதுவரைக்கும் அந்த ராட்சசப் பய ஏன் மரம் மாதிரி நிக்கிறான்? அப்பவே ஒரு போடு போட்டா ஜோலி முடிஞ்சுதுல்ல?”

“மாமா, கூத்துல துரியோதனன் வேசம் கட்டி வர்றதுக்குள்ள வீமன் திரைய விலக்கி அடிச்சா நீங்க சும்மா விடுவீங்களா? வேசத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”

மாமா வாயடைத்துப் போவார், அடுத்த வாரம் வரைக்கும். உண்மையான காரணத்தை அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். உருமாறுகிற காட்சியை ஒரே ஒரு தடவை நன்றாகச் செலவழித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு வாராவாரம் அதையே ஓட்டுவார்கள். 52 வாரத்துக்கு அரை அரை நிமிஷம் மிச்சம். ஜப்பான்காரர்கள் 1970-களிலேயே காமன் ரைடர், ஐவர் படை என்று இந்த வித்தையைப் பழகிவிட்டார்கள்; சீனாக்காரர்கள் அதைப் பார்த்துச் சொந்தக் கடை போட்டார்கள். அண்ணன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. “ஒரு தடவை அரைச்ச மாவுல எத்தன நாள் தோசை வருதுங்கறதுதான தம்பி குடும்பம்” என்றார். மதினி உள்ளேயிருந்து ஏதோ சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொரு தொழில் ரகசியமும் அவர் கண்டுபிடித்ததுதான். முதல் தொடரை எடுத்தவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை, பொம்மைக்காரர்கள். குவாங்டொங் மாகாணத்து ஆல்ஃபா என்கிற கம்பெனி. அவர்களுக்குப் பொம்மை வியாபாரம். அதனால் கதையில் பத்து எபிசோடு தாண்டி நாயகன் தோற்கிறான் என்றால் ஊருக்கு ஆபத்து என்று நாம் பயப்படக் கூடாது. புதுக் கவசம் தயார், பெட்டி கடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். “தம்பி, இந்த வாரம் அவன அடி வெளுத்துட்டாய்ங்க. அடுத்த வாரம் புது பெல்ட்டு” என்பார். அப்படியே நடக்கும். காப்பி விலையை இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் ஊரே பணக்காரர் ஆகிவிடும்.

விளம்பரம் என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பழனிக்குப் போறவன் பூராம் பஞ்சாமிர்தக் கடைக்காகவா போறான்?”

பஞ்சாமிர்தம் அவருடைய நாக்கில் சும்மா வந்து விழுந்ததில்லை. முதல் தொடரில் ஐந்து கவசம்: நெருப்பு டிராகன், காற்றுக் கழுகு, கறுப்புக் காண்டாமிருகம், பனி நாய், நிலப் புலி. ஐந்தும் ஐம்பூதம். ஆனால் சீனர்களின் ஐம்பூதக் கணக்கு வேறு. நம் ஆகாயமும் காற்றும் அங்கே கிடையாது. பதிலுக்கு மரமும் உலோகமும். அதனால் கழுகுக்குப் போய் மரத்தைக் கொடுத்திருக்கிறார்கள், காண்டாமிருகத்துக்குத் தண்ணீரை. டீக்கடையில் இது பெரிய பிரச்சினை ஆனது. “கழுகுக்கு மரம்னா கூடு கட்டவா?” என்றார் மாமா. ஐந்தின் சக்தியும் சேர்ந்தால் சக்கரவர்த்திக் கவசம் வரும் என்று சொல்லிச் சமாளித்தார் அண்ணன். “விருப்பாச்சிப் பழம், வெல்லம், தேன், நெய், ஏலம். தனித்தனியாத் தின்னா அஞ்சு சாமான். சேத்தா பஞ்சாமிர்தம். அதான் சக்கரவர்த்தி.” மலைவாழை விற்கிற மாமாவுக்கு இதன்பிறகு சீனாக்காரன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

சிங்தியன் தொடரின்போது இன்னும் மேலே போனார். சிங்தியன் என்பவன் சீனப் புராணத்தில் கடவுளை எதிர்த்துத் தலை வெட்டுப்பட்ட அரக்கன். தலை போன பிறகும் மார்பைக் கண்ணாக்கி, தொப்புளை வாயாக்கி, கோடாலியோடு ஆடினவன். அண்ணன் கேட்டவுடன் துள்ளினார்: “அட, இது நம்ம கவந்தன்யா!” கம்பன் ஆரணிய காண்டத்தில் ஒரு படலமே கொடுத்திருக்கிற, வயிற்றில் வாயுள்ள கவந்தன். நியாயமான ஒப்பீடு, தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டியது, ஜீப் ஓட்டுகிறவர் செய்தார். ஒரே ஒரு வித்தியாசம். நாம் அவனைத் தோளை வெட்டி அனுப்பிவிட்டோம். அவர்கள் பேரை எடுத்துக் கவசத்துக்கு வைத்துப் பெட்டியில் அடைத்து விற்றுவிட்டார்கள்.

ஊர்ப் பெருமையையும் விட்டுக் கொடுக்கமாட்டார். முருகன் இங்கேயிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதால்தான் ஊருக்குத் தாண்டிக்குடி என்று பேர் என்பது எங்களூர் வழக்கு. நாயகன் மூன்று மாடிக் கட்டடத்தைத் தாண்டுகிற காட்சி வந்தால் அண்ணன் ஜீப்பின் கண்ணாடி வழியாக மலைமேல் பாலமுருகன் கோவிலை ஒரு தடவை பார்ப்பார். பிறகு திரையைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். “மூணு மாடி” என்பார், அவ்வளவுதான்.

பிள்ளைகளிடம் இவர் செய்த சேதாரம் தனி. கவசம் மாட்டும்போது அந்த வீரர்கள் “கைஜியா, ஹெத்தி!” என்று கத்துவார்கள், கவசமே, உடம்போடு ஒன்றாகு என்று பொருள். போன வருஷம் தை மாசம், காப்பிப் பழம் பறித்துப் பல்பர் போட்டுக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். அண்ணனின் சீடர்கள் ஏழெட்டுப் பேர், சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு, களத்து ஓரத்தில் உருமாறிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடப் போட “கைஜியா ஹெத்தி” தேய்ந்து “காப்பிய ஏத்தி” ஆகி, கடைசியில் “காப்பிய ஏத்து! காப்பிய ஏத்து!” என்று மலை முழுக்க எதிரொலித்தது. கீழ்த்தோட்டத்து லோடுக்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு, முதலாளி சொல்லித்தான் விட்டார் என்று, பாதி காய்ந்த கொட்டையை அள்ளி மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். யாருடைய ஜீப் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மூட்டை. முதலாளி ஓடிவந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார், பல்லில் நசுங்கியது. அந்தப் பதத்தில் பட்டிவீரன்பட்டிக்குப் போயிருந்தால் பாதி வழியிலேயே வாடை வந்திருக்கும். “யாருடா ஏத்தச் சொன்னது?” பிள்ளைகள் எல்லாரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். அண்ணன் அப்போது வண்டிக்குள் சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு மூட்டையையும் அவரே இறக்கினார், உருமாறாமலே.

2020 ஜூன் கடைசியில் அரசாங்கம் 59 சீன ஆப்புகளைத் தடை செய்ததே, அன்று ராத்திரி அண்ணன் தூங்கவில்லை. ஊரில் எல்லோரும் டிக்டாக் போச்சே என்று அழுதார்கள். இவர் செய்தியை வரி வரியாகப் படித்து 59 பேரையும் ஒரு நோட்டில் எழுதினார். அவருடைய வீரன் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கஞ்சி குடித்தார். எல்லையில் சண்டை நடக்கிறபோது சீனாக்காரன் தொடரைப் பார்க்கலாமா என்று மாமா ஒரு கேள்வி போட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, “இவன் ராட்சசன் கூடத்தான் சண்டை போடுறான், நம்மகூட இல்ல” என்றார். வெளியுறவுத் துறை இதைவிடத் தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

புதுத்தொடரில் 26-ஆவது எபிசோடு வந்த சனிக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். ஐப்பசி அடைமழை. மத்தியானமே கரண்ட் போய்விட்டது, சிக்னலும் கூடவே போனது. எட்டு மணி வரை பொறுத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, கோவில் பாறையில் ஒரு கோடாவது கிடைக்கும் என்று மேலே நடந்தார். பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே காட்டுமாடு. தனி ஆண். டார்ச் வெளிச்சத்தில் கண் இரண்டும் பச்சையாக எரிகிறது, கால் நாலிலும் வெள்ளைக் காலுறை மாட்டின மாதிரி, முதுகில் மழைத் தண்ணீர் வழிகிறது. மூச்சு விடுவது குடைத்துணியில் கேட்டதாம்.

“என்ன செஞ்சீங்க?” என்றேன்.

“நின்னேன்.”

“அது?”

“அதுவும் நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்பத்தான் தம்பி எனக்குப் புரிஞ்சுது. நான் எதாச்சும் மாட்டுவேன்னு அது காத்துக்கிட்டு இருக்கு.”

அண்ணன் குடையை மெதுவாக மடக்கினார், பின்பக்கமாகவே நடந்தார், வீட்டு வாசல் வரைக்கும் திரும்பவில்லை. அந்த எபிசோடை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தார். நாயகன் தோற்றிருந்தான். புது பெல்ட்டு அடுத்த வாரம் வந்தது.

மொத்தமாக உட்கார்ந்து ஒரே ராத்திரியில் தொடரை முடிக்கிறவர்களை அவருக்கு ஆகாது. “பங்குனியில ஒரு மழை பேயும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் சும்மா கிடக்கும். ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா தோட்டம் பூரா வெள்ளை. காப்பிப் பூவ நேத்தே பாக்கணும்னா பாக்க முடியுமா?” இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மகனிடம் போனில் சொன்னார். அவன் ஹாஸ்டலில் ஏதோ கொரியத் தொடர் பதினாறு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குத் தூங்கிப்போன கதை அது.

இதை எழுதுகிறபோது அவர் 41-இல் இருக்கிறார். இந்தத் தொடரும் 52-தான் என்று நம்புகிறார். நீங்கள் கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்து, ஸ்டாண்டில் முன்கண்ணாடியில் டிராகன் ஸ்டிக்கர் ஒட்டிய ஜீப்பில் ஏற நேர்ந்தால், வாடகை பேசுங்கள், புல்லாவெளி அருவியைக் கேளுங்கள், கல்திட்டை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், எல்லாம் காட்டுவார். தொடரை ஒருவேளை நீங்கள் அவரைவிட முன்னால் பார்த்திருந்தால் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அய்யம்பாளையம் இறங்குகிற வரைக்கும் ஒரே கொண்டை ஊசி வளைவு, ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது.