வேண்டுமென்றே ஓர் அன்னிய ஸ்வரம்

கேள்வி: டிசம்பர் வந்தாலே ‘ஜிங்கிள் பெல்ஸ்’ காதைத் துளைக்கிறது. இந்தக் காலத்தில் யாருமே புதிதாகக் கிறிஸ்துமஸ் இசை எழுதுவதில்லையா?
(வாசகர், திருச்சி)

பதில்: 1857-ல் அச்சேறிய பாட்டு அது. அதில் குதிரை உண்டு, பனிவண்டி உண்டு. குழந்தை இயேசு மட்டும் கிடையாது! மணியோசை அலுத்துவிட்டதென்றால், அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் லாரிட்சனின் ‘ஓ மாக்னும் மிஸ்டீரியம்’ கேளுங்கள். 1994 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொரால் முதலில் பாடியது. அன்று பிடித்த பாட்டைப் பாடகர் குழுக்கள் இன்னும் விடவில்லை.

கேள்வி: கேட்டேன். லத்தீன் ஒரு வார்த்தை புரியவில்லையே?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தெலுங்கு தெரியாமலே தியாகராஜரைத் தலையாட்டி ரசிக்கும் கூட்டம் நாம், இதற்கு மட்டும் அகராதியா? விஷயம் சின்னது. தொழுவத்தில் கிடக்கும் ஆண்டவரை மிருகங்கள் பார்த்தன, என்ன அதிசயம் என்று வியந்து, மரியாளைப் போற்றும் பழைய வழிபாட்டு வரிகள். ஸ்பெயினின் விக்டோரியா 1572-லும், பிரான்சின் பூலாங்க் 1952-லும் இதே வரிகளுக்குத் தந்த இசை உண்டு.

கேள்வி: தாளமும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. ஆறு நிமிடத்துக்கு மேல் மெதுவாக நகர்கிறது. இதில் எதைத்தான் கேட்பது?
(வாசகர், கோவை)

பதில்: தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவைக் கேளுங்கள். பாட்டு டி மேஜரில் இருக்கிறது. நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஆகவே சுத்த மத்யமம். அந்த ஏழு ஸ்வரங்களை விட்டு லாரிட்சன் வெளியே போவதே இல்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. கன்னி மரியாளைச் சொல்லும் ‘விர்கோ’ என்ற சொல் வரும்போது ஆல்ட்டோ குரல்கள் பிரதி மத்யமத்தில் போய் நிற்கின்றன. மேற்கத்தியக் கணக்கில் ஜி ஷார்ப். மற்ற குரல்களோடு அது உரசுகிறது. மகன் பிறந்த மகிழ்ச்சிக்கு நடுவே தாய்க்குக் காத்திருக்கும் துயரத்தைக் காட்டவே அப்படி வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். காம்போதியில் எட்டிப்பார்க்கும் காகலி நிஷாதம் நினைவுக்கு வரலாம். ஆனால் காம்போதிக்கு அது அலங்காரம். இது தைக்கிற முள். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும், ஆகவே பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்க வேண்டாம்.

கேள்வி: லாரிட்சன் பாதிரியாரா?
(வாசகர், வேலூர்)

பதில்: இளம் வயதில் காட்டுத்தீ அணைக்கும் வேலை! செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பக்கம் கண்காணிப்புக் கோபுரத்தில் தனியாக உட்கார்ந்து, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியர். கோடையில் வால்ட்ரன் தீவுக்குப் போய், ஒரு காலத்தில் கடையாக இருந்த கட்டடத்தில் உட்கார்ந்து எழுதுவார். இந்த இசைக்கு ஏன் அவசரமே இல்லை என்று இப்போது தெரிகிறதா?

கேள்வி: ஓர் ஓவியம்தான் தூண்டுதலாமே? மாட்டுத்தொழுவமா, நட்சத்திரமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எலுமிச்சம்பழம்! கூடவே ஆரஞ்சும், ஒரு ரோஜாவும். 1633-ல் ஸ்பெயினின் சுர்பரான் வரைந்தது, பசடேனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் மரியாள் இல்லை; அவருக்குப் படைத்த காணிக்கையாகத்தான் அந்த மேஜையை லாரிட்சன் பார்த்தார்.

கேள்வி: ஆனாலும் தித்திப்பு ஜாஸ்தி என்கிறார்களே?
(வாசகர், சென்னை)

பதில்: தித்திப்புதான், மறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் உறைப்பில்லை என்று யார் குறை சொல்கிறார்கள்? என் புகார் இவரைப் பார்த்து எழுதப்படும் நகல்கள் மீது. அவற்றில் பாகு இருக்கிறது, முள் இல்லை.

கேள்வி: எங்கள் சபைக் குவயர் இதைப் பாடலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. ஸ்வரத்தை விட மூச்சுதான் கஷ்டம். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் பாடும்போது நீங்கள் எடுக்க வேண்டும். சுருதி இறங்கினால் கைகொடுக்க ஆர்கனும் இல்லை. எனவே டிசம்பரை நம்பாமல் ஓணம் விடுமுறையிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். ஸ்டீபன் லேட்டன் நடத்திய பாலிஃபனி குழுவின் ஒலிப்பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்கள். முக்கியமாக, அந்த ஜி ஷார்ப்பை அச்சுப்பிழை என்று யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!