அங்க பாரு சாமி!

குழந்தைக்காக டூர் போகிற அப்பாவை ஓமலூர்க்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பங்குனி பிறந்ததுமே வெயிலைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். "பச்சப்புள்ள இந்தக் காந்தல எப்படித் தாங்கும்? எங்கயாச்சும் மலைப்பக்கம் கூட்டிட்டுப் போவணும்." அந்தப் பச்சப்புள்ள அப்போது வாசலில் அன்னக்கூடைத் தண்ணீருக்குள் உட்கார்ந்து, சொம்பில் மொண்டு மொண்டு தன் தலையில் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருக்கும். அதனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்தாக வேண்டும். இவர் அதைத் தனக்கு நேர்ந்த சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, ஏற்காடு என்று முடிவு செய்வார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிற சேர்வராயன் மலைதான். கருப்பூர், கோரிமேடு, அடிவாரம் என்று போய் ஏறிவிடலாம். அதற்கு விடியற்காலை நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பார். கிளம்பும்போது ஒன்பதரை ஆகியிருக்கும்.

டயப்பர் கட்டு, சத்துமாவு டப்பா, வெந்நீர் பிளாஸ்க், காய்ச்சல் மருந்து, தொட்டில் கட்டப் பழைய சேலை, மாற்றுத் துணி, மாற்றுத் துணிக்கு மாற்றுத் துணி என்று எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அக்கா. கார்ச் சாவியை எடுத்து வைப்பது அவர். பையைத் தூக்க ஒரு தாய்மாமன் வேண்டும். பெண்களுக்கு ஆண்டவன் தம்பிகளைக் கொடுத்திருப்பது அதற்குத்தான். (அக்கா என்று பொதுவாகத்தான் சொல்கிறேன். எல்லார் வீட்டிலும் ஒரு அக்கா இருப்பார்.)

கார் தெரு முனை திரும்பியதும் அவருடைய ஆள்காட்டி விரல் வேலைக்கு வந்துவிடும்.

"அங்க பாரு சாமி, லாரி! அங்க பாரு, ரயிலு!" கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தோண்டிய மேடுகள் தெரிந்தால், "அங்க பாரு, வெள்ளை மலை! உங்க அம்மா அடுப்பத்த வைக்கறாளே, அந்தச் சட்டிக்கெல்லாம் மூலம் அங்கதான்!" மேக்னசைட் உலைக்குப் போகிற சமாச்சாரம், சட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்றே முக்கால் வயதுக்காரனுக்குத் தகவல் சொல்லும்போது யார் திருத்தப் போகிறார்கள்? பையன் என் மடியில் உட்கார்ந்து சீட் பெல்ட்டின் நுனியைச் சப்பிக்கொண்டிருப்பான். அடிவாரம் வரை அவனுக்கு அது ஒன்றே போதுமானதாக இருக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் தெரிந்துகொள்ள வைத்தது. இவர் அதைப் பால்வாடிப் பாடமாக்கிவிடுவார். "அங்க பாரு சாமி, ஒண்ணு! அங்க பாரு, ரெண்டு!" பையனுக்குத் தெரிந்த ஒரே எண் 'ண்டு'. அதனால் எல்லா வளைவிலும் 'ண்டு' என்றான். பன்னிரண்டோ பதின்மூன்றோ, பலகையைப் பார்க்கும் நிலையில் அப்போது நான் இல்லை, காலையில் குடித்த சத்துமாவுக் கஞ்சி முழுவதும் என் வேட்டிக்கு வந்து சேர்ந்தது. வண்டியை ஓரங்கட்டினார். துடைக்கத் துணி எடுத்துத் தருவார் என்று பார்த்தேன். பையனைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரோரம் தூக்கிப் பிடித்து, "அங்க பாரு சாமி, நம்ம சேலம் எத்தனூண்டாத் தெரியுது!" என்றார். வாந்தி எடுத்த குழந்தை ஊரின் அளவைப் பற்றி என்ன கருதும்?

அங்கேயே ஒரு குரங்கும் உட்கார்ந்திருந்தது. "அங்க பாரு, கொரங்கு!" என்று அவர் விரலை நீட்ட, குரங்கு திரும்பி நீட்டிய கையைப் பார்த்தது, அடுத்து பையன் கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தது, வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்று முழுவதும் அவர் விரலை மதித்த ஒரே ஜீவன் அதுதான்.

ஏரியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். படகில் லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் பையன் அலறினான். கழற்றினால் படகில் ஏறக்கூடாது. ஏறாவிட்டால் அப்பாவுக்கு மனசு ஆறாது. எடுத்த டிக்கெட்டுக்கு நானும் அவரும் போய் மிதித்துவிட்டு வந்தோம்.

லேடீஸ் சீட்டில்தான் விஷயம். மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து பார்த்தால் மேட்டூர் அணைப் பக்கம் வரைக்கும் தெரியும் என்பார்கள். தொலைநோக்கிக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு, பையன் முகத்தை அதில் அழுத்தி, "மேட்டூர் டேம் பாரு சாமி! வெள்ளக்காரன் காலத்துல, 1934-ல தொறந்தது!" என்றார். (ஓமலூரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த அணைப் பூங்காவில் உட்கார்ந்து மீனே சாப்பிட்டுவிடலாம். சொன்னேன். காதில் வாங்கவில்லை.) பையன் தொலைநோக்கியை நக்கிப் பார்த்தான். பிடிக்கவில்லை. நழுவி இறங்கி, கம்பி வேலியோரம் கிடந்த ஒரு காகித டீக் கப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

கப்பின் அடியில் கொஞ்சம் சர்க்கரை ஈரம். அதில் எறும்புகள். பையன் விரலை உள்ளே விட்டான். ஓர் எறும்பு நகத்தின்மேல் ஏறி, விரல் மடிப்பில் நின்று யோசித்து, உள்ளங்கைப் பக்கம் இறங்கியது. அவன் மூச்சுவிடாமல் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, கையை உயர்த்தி, "ப்பா! பா! பா!" என்றான். காலையிலிருந்து அவர் அவனுக்குச் சொன்னதை அவன் இப்போது அவருக்குச் சொன்னான்.

"ச்சீ, குப்பை! கீழ போடு. அங்க பாரு சாமி, டேம்!"

தங்கும் விடுதியில் பையன் தூங்க மறுத்தான். வீட்டில் உத்தரத்துக் கொக்கியில் சேலை கட்டி ஆட்டினால்தான் அவனுக்குத் தூக்கம். அறையில் அழகான பொய்க்கூரை போட்டு, விளக்காகப் பதித்திருந்தார்கள். கொக்கிக்கு எங்கே போவது? அக்கா கொண்டுவந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரிக் கதவு, ஜன்னல் கம்பி, குளியலறைத் துண்டுத் தாங்கி எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டேன். நடுராத்திரிக்கு மேல் மாமா எழுந்து பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். குளிருக்கு அவர் தலையில் துண்டு; பையன் தலையில் என் மங்கி கேப். எப்போது விழித்து எட்டிப் பார்த்தாலும் மனிதர் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு கையாலும் பையனைப் பிடித்திருந்ததால் விரல் நீட்ட வழியில்லை. அந்த ஓர் இரவுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. விடிந்ததும், "மாப்ள, வண்டிய எடுக்கலாமா? பகோடா பாயின்ட்ல மூடுபனி காட்டணும்" என்றார்.

இதில் அக்கா ஏற்காட்டைப் பார்க்கவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்கள் காட்சிமுனையில் நின்றபோது அவள் காரின் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பையனுக்குப் பால் கொடுத்தாள். டயப்பர் மாற்றக் கார் டிக்கிதான் மேசை. ஓட்டலில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள். போனில் இருக்கும் படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை, எடுத்தது அவள். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்ட 2015-லேயே தனி அறை திறந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற தாய்க்கு உள்ளது, டிக்கெட் வாங்கி மலை பார்க்க வந்த தாய்க்கும் வேண்டாமா? நாங்கள் நின்ற இடங்களில் பஜ்ஜிக் கடை இருந்தது, செல்ஃபி எடுக்க இதய வடிவில் வளைவு இருந்தது. ஒரு தட்டி மறைப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா பையன் மூக்கைத் துடைத்துவிட்டு, "நல்லா இருந்த புள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போயி..." என்று ஆரம்பித்தார். மாமா பேச்சை மாற்ற, எல்லார் முன்னாலும் பரீட்சை வைத்தார். "சாமி, ஏற்காட்டுல என்ன பாத்த? ஆத்தாவுக்குச் சொல்லு."

பையன் கொஞ்சம் யோசித்து, "பவ் பவ்" என்றான்.

விடுதி வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது உண்மை. அதே நிறத்தில் எங்கள் தெருவில் நாலு இருக்கின்றன.

அடுத்த கோடைக்குக் கொல்லிமலையாம். குழந்தைக்கு ஆகாய கங்கை அருவியைக் காட்ட வேண்டுமாம். அருவிக்கு ஏறக்குறைய ஆயிரம் படி இறங்கி, ஏற வேண்டும். அதற்கு முன்னால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பை தூக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.