பி3யா, ஜி0வா? ஒரு பாடபேத ஆராய்ச்சி

பாயிரம்

ஒரே பாட்டுக்குச் சுவடிகளில் இரண்டு பாடம் கிடைத்துவிட்டால் போதும், நம் புலவர்களுக்கு அரை ஆயுள் அதிலேயே கழியும். ஆனால் ஒரே கணினிச் சில்லுக்கு இரண்டு பாடம் இருக்கையில் பேராக் தமிழர் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு உரை எழுதுவார் இல்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. நூற்பயன் யாதெனின், ஆண்டுக்கு ஆறு வெள்ளி 37 சென். அது பின்னர் நிறுவப்படும்.

மூலநூல் வரலாறு

மூலம், இன்டெல் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்ட கோர் 2 குவாட் கியூ6600. நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், 8 எம்பி கேஷ். வெளிவந்தபோது விலை 851 அமெரிக்க டாலர். ஆகவே ஈப்போவில் அதைப் பற்றிப் பேசியவர் பலர், வாங்கியவர் சிலர். அதே ஆண்டு ஜூலையில் விலை 266 டாலருக்கு இறங்கியது. கூடவே ஜி0 என்னும் திருத்திய பதிப்பும் வந்தது. பெயர் அதே, வேகம் அதே. முதலில் வந்தது பி3 என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. தம்பி பிறந்த பிறகுதானே ஒருவன் அண்ணன் ஆகிறான்.

பதிப்புக் குறியில் எண் மட்டும் மாறினால் மேலடுக்குக் கம்பிகளில் சிறு திருத்தம் என்றும், எழுத்தே மாறினால் அடித்தளம்வரை கைவைத்துவிட்டார்கள் என்றும் பொதுவாகக் கொள்வர். ஏஎம்டி நிறுவனம் இதில் வெளிப்படையாக நடந்துகொண்டது. அதன் பினோம் சில்லின் பி2 பாடத்தில் டிஎல்பி என்னும் உறுப்பில் பிழை இருந்தது. 2008 மார்ச்சில் பிழை நீங்கிய பி3 வந்தபோது 9600 என்பதை 9650 என்று பெயர் மாற்றி ஊரறியச் செய்தார்கள். இன்டெல் பெயரைத் தொடவில்லை. பெயர் மாறாத இடத்தில்தான் ஆராய்ச்சிக்கு வேலை.

சான்று காணும் முறை

ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் களப்பணி நடந்தது. கடை முதலாளியான தவுக்கே விசிறியைக் கழற்றினார். சில்லின் மூடியில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. டிஷ்யூவால் இரண்டு தடவை துடைத்ததும் எழுத்துகள் தெரிந்தன. எஸ்எல்9யூஎம் என்றிருந்தால் பி3. எஸ்எல்ஏசிஆர் என்றிருந்தால் ஜி0. விசிறியைக் கழற்ற மனமில்லாதவர் கணினியை முடுக்கி, சிபியு-இசட் என்னும் செயலியில் ஸ்டெப்பிங் என்ற கட்டத்தைப் பார்க்கலாம். அங்கே 7 என்றால் முன்னது, பி என்றால் பின்னது. ஜி0வை இயந்திரம் ‘பி’ என்று காட்டுவது படிப்பவரைச் சோதிப்பதற்கே என்க.

“ரெண்டும் சாமா லா அண்ணே” என்றார் தவுக்கே. இரண்டும் ஒன்றே என்னும் இது ஆய்வுலகில் எதிர்பார்க்கப்பட்ட மறுப்பே.

துடைத்த மூடியில் குறியெண்ணுக்குப் பக்கத்தில் மலேசியாவைக் குறிக்கும் ‘மலாய்’ என்ற சொல்லும் இருந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் 1972இல் திறந்தது. சில்லு வேறு நாட்டில் உருவாகி, இங்கே வந்து பொதியப்பட்டுச் சோதிக்கப்படும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் லயத்தை விட்டுப் பினாங்குப் பேக்டரிகளுக்குப் போனார்கள். 1998இல் செலரான் 300ஏ சில்லை 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஓட்டியவர்கள், மலேசியாவில் பொதிந்தது மேலா, கோஸ்டாரிகாவில் பொதிந்தது மேலா என்று உலகெங்கும் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நம் பக்கம் நின்றவர்கள் நம்மை அறியார்கள்.

முக்கொள்கை

இப்பொருளில் வழங்கும் கொள்கைகள் மூன்று.

வெப்பவாதிகள்: பி3 விடும் வெப்பம் 105 வாட், ஜி0 விடுவது 95. மூடியின் சூடு பி3க்கு 62.2 டிகிரி வரை போகலாம், ஜி0வுக்கு 71 வரை போகலாம். ஈப்போவில் மதியம் 33 டிகிரி அடிக்கிறது, ஆகவே ஜி0 என்பர்.

வேகவாதிகள்: 2.4இல் ஓட்டவா இதை வாங்கினோம்? பஸ்ஸை 266இலிருந்து 333க்கு ஏற்று, ஒன்பதால் பெருக்கு, 3 கிகாஹெர்ட்ஸ். ஜி0 அங்கே நிற்காமல் இன்னும் மேலே போகும், ஆகவே ஜி0 என்பர்.

சாமாவாதிகள்: மேலே தவுக்கே கூறியதே.

முதலிரு கொள்கையினரும் ஒரே முடிவுக்கு வந்தும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இது கல்விப்புல மரபுக்கு இசைந்ததே.

நூற்பயனை இங்கே நிறுவுவோம். வேறுபாடு 10 வாட். நாளுக்கு எட்டு மணி நேரம், 365 நாள் எனில் 29.2 யூனிட். 2014ஆம் ஆண்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் வீதம் பெருக்க, ஆறு வெள்ளி 37 சென். ஒருவர் எழுந்து, “வாட் எண் விசிறி தாங்க வேண்டிய சூட்டுக்கான கணக்கு, மீட்டரில் ஓடும் மின்சாரம் அன்று” என ஆட்சேபித்தால், அவர் கூறுவது முற்றிலும் சரி. ஆயினும் கணக்குப் போட்டாகிவிட்டது. இருக்கட்டும்.

மரபுவழிச் சான்று

இந்த நுண்பிரிப்புப் பழக்கம் நமக்குக் கணினியோடு வந்ததன்று. கோலகங்சாரில் 1877இல் ரப்பர் நட்ட மாநிலம் பேராக். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிய பின் பால்மரத்துக்கும் பதிப்பெண் வந்தது. ஜாவாவின் ஜிர் 1, மலாயாவின் பிபி 86 என்னும் இரண்டையும் கலந்து பெற்றது ஆர்ஆர்ஐஎம் 600. பிபி என்பது பிராங் புசார் தோட்டம், இன்றைய புத்ராஜெயா. 600 பால் நன்றாகத் தரும், மழைக்கால நோய்க்கு எளிதில் விழும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ரப்பர் மரம்தான். எந்த நிரையில் எந்த ஒட்டுமரம், எதில் மங்கு நிறையும், எது பட்டை காய்ந்து பழிவாங்கும் என்பது மரம் சீவியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தெரிந்து என்ன பயன்? விடியுமுன் ஆள்கணக்குப் பெரட்டில் நிற்பவருக்கு நிரையைப் பிரித்துக் கொடுப்பவர் தண்டல். “600 கொடு, 86 வேண்டாம்” என்று கேட்கும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இருந்ததில்லை. பாட்டனுக்கு வேறுபாடு தெரிந்தது, தேர்வு இல்லை. அந்த வேறுபாட்டில் அன்றைய கூலி இருந்தது. சில்லு தேடும் பேரனுக்குத் தேர்வு இருக்கிறது. வேறுபாட்டின் மதிப்பு ஆறு வெள்ளி 37 சென். அவன் அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்குவதை வீண்வேலை என்று சாமாவாதிகள் சிரிக்கலாம். பொறுக்கி எடுக்கும் உரிமை பரம்பரையில் முதல்தடவையாகக் கைக்கு வந்தவன், அதைப் பத்து வாட்டில்தான் பழகிப் பார்ப்பான் என்பது எம் துணிபு.

முடிபு

பி3, ஜி0 இரண்டும் ஒரே விலைக்குக் கிடைப்பின் ஜி0 கொள்க. ஜி0வுக்கு இருபது வெள்ளி கூடக் கேட்பின் பி3 கொள்க. மூன்றாண்டுக்குச் சற்று மேல் சென்றால் கணக்கு நேராகிவிடும், ஆனால் அதற்குள் மதர்போர்டு போய்விடும். விசிறியைக் கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில், எழுத்து எதுவாயினும் அது பி3 எனவே கொள்க.