அறுபது ஹெர்ட்ஸ் சாத்தான்: கிறிஸ்தவ ராக் குழுக்களின் வேன் பயணத்தில் பழி போடும் இலக்கணம் குறித்து ஓர் ஆய்வு

வேன் நடுவழியில் நின்றுபோனால் அது யார் வேலை? மெக்கானிக்கைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவைக் கேட்டால் மூன்று வரும்: சாத்தான் தடுத்தான், கர்த்தர் சோதித்தார், டிரம்மர் டயரைப் பார்க்கவில்லை. மூன்றில் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருக்கிறது. அரை நூற்றாண்டாக வழக்கில் இருந்தும் அதற்கு உரை காண யாரும் முன்வராததால், தகுதி குறைவு என்று தெரிந்தும் நானே துணிகிறேன்.

முதலில் ஆய்வின் எல்லை. இத்துறையின் வயதை 1969 முதல் கணக்கிடுவது வழக்கம். லாரி நார்மன் 'அப்பான் திஸ் ராக்' இசைத்தட்டை வெளியிட்ட ஆண்டு அது. 1972இல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பெட்ரா குழு தொடங்கியது. 1986இல் ஸ்ட்ரைப்பர் குழு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட இறுக்கமான உடையில் நின்றுகொண்டு, சாத்தானை அவன் சொந்த ஊருக்கே போய்ச் சேரச் சொல்லித் தலைப்பு வைத்து ஓர் ஆல்பம் போட்டது. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசியது. இவர்கள் எல்லாம் பெரிய இடம். படுக்கை வசதியுள்ள பேருந்தில் போகும் ரகம். நமது ஆய்வுக்களம் அதற்கும் பல படி கீழே. பதினைந்து பேர் உட்காரும் வேன். கடைசி இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மெத்தை. பின்னால் இழுவை வண்டி, அதற்குள் ஆம்ப், டிரம்ஸ், டி-ஷர்ட் பெட்டிகள். ஐந்து பையன்கள். சவுண்ட் பார்ப்பவன் அவர்களில் ஒருவனுடைய சித்தப்பா மகன். போகிற ஊர் ஒஹாயோவில் இருக்கலாம், மிசௌரியில் இருக்கலாம். நிகழ்ச்சி நடப்பது சர்ச் ஹாலில். சாப்பாடு பீட்சா. நேற்றும் பீட்சா.

சாத்தான் இத்துறைக்குள் எப்படி நுழைந்தான் என்பதில் இரு கட்சி உண்டு. ராக் தாளமே அவனுடையது, அதில் எந்த வார்த்தையைப் போட்டுப் பாடினாலும் பயனில்லை என்பது ஒரு கட்சி. 1987இல் தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், கிறிஸ்தவ ராக் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று ஒரு பீதியும் அந்தக் காலத்தில் பரவியிருந்தது. பெட்ரா இந்தப் பீதிக்குப் பதிலடியாக, 1982இல் வந்த தன் ஆல்பத்தின் ஒரு பாட்டில் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் பதித்து வைத்தது. சிரமப்பட்டு இசைத்தட்டைப் பின்னால் சுழற்றிக் கேட்டவருக்குக் கிடைத்தது, சாத்தானைத் தேடுகிற நேரத்துக்குக் கர்த்தரைத் தேடியிருக்கலாமே என்ற பொருளில் ஒரு குட்டு. ஆக, வெளியே நிற்பவர்கள் சாத்தான் பாட்டுக்குள் இருக்கிறான் என்றார்கள். வேனுக்குள் இருப்பவர்கள் அவன் வயருக்குள் இருக்கிறான் என்றார்கள். ஆம்புக்குப் பக்கத்தில் எங்கோதான் இருக்கிறான் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி மூலச் சான்று. பயணம் தடைப்பட்டதற்குச் சாத்தானைக் காரணம் காட்டும் பழைய ஆவணம் 1 தெசலோனிக்கேயர் 2:18. பவுல் அங்கே, ஒன்றுக்கு இரண்டு முறை உங்களிடம் வர முயன்றோம், சாத்தான் குறுக்கே நின்றான் என்கிறார். வேன்காரர்களுக்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை. ஆனால் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் அதே பவுல், அதே மாதிரியான பயணம், அதே மாதிரியான தடை. ஆசியாவுக்குப் போகவிடாமலும் பித்தினியாவுக்குள் நுழையவிடாமலும் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர் என்று எழுதியிருக்கிறது. இங்கேதான் சிக்கல். அடைபட்ட வழி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. இண்டியானாபொலிஸுக்கு வெளியே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஐவர், தாங்கள் நிற்பது தெசலோனிக்கேயா பாதையிலா பித்தினியா பாதையிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போகவேண்டிய ஊரில் கூட்டம் அதிகம் எதிர்பார்க்கப்பட்டால் சாத்தான், குறைவாக எதிர்பார்க்கப்பட்டால் ஆவியானவர் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எனின், எவ்வளவு பேர் வருவார்கள் என்பது நிகழ்ச்சிக்குக் கூப்பிட்ட சர்ச்சின் வாலிபர் ஊழியருக்கே தெரியாது. அவர் போனில் சொல்லும் எண்ணிக்கை விசுவாசத்தின்பாற்பட்டது.

ஆய்வுக்கு மிக வளமான தடயம் ஒலிபெருக்கியில் வரும் 'ஹம்'. அது எழும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்ச் ஹாலில் மேடைக்கு மின்சாரம் ஒரு லைனிலிருந்து வரும். கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் மிக்ஸருக்கு வேறொரு லைனிலிருந்து வரும். இரண்டு இடத்திலும் எர்த் இருக்கிறது, ஆனால் இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இல்லை. பேஸ் கிட்டாரிலிருந்து மிக்ஸருக்கு நீளமாக ஒரு கேபிளை இழுத்ததும் இரண்டுக்கும் உறவு ஏற்பட்டு, கேபிளின் மேலுறை வழியாக வேண்டாத மின்சாரம் சுற்றிவரத் தொடங்குகிறது. ஹால் முழுக்க ஒரு தடித்த உறுமல். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவதால் உறுமலும் 60 ஹெர்ட்ஸில் நிற்கும். கீபோர்டில் தேடிப் பார்த்தால் அது பி-ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் இருக்கிறது. அது சாத்தானுடையது என்ற கட்சிக்கு இது வலுவான அகச்சான்று.

நம்மூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே தமிழ்நாட்டுக் கன்வென்ஷன் பந்தல்களில் கேட்கும் உறுமல் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கும். அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அமெரிக்க உறுமல் துல்லியமாகச் சாதாரண காந்தாரத்தில் வந்து விழுகிறது. ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் அது. சாத்தானுக்குத் தேசந்தோறும் சுருதி வேறு, ஆனால் கணக்கு சுத்தம். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் அங்கே சுற்றுப்பயணம் போகிறவர்களுக்கு ஃபூஜி ஆற்றைத் தாண்டியதும் சுருதி மாறும். இல்லினாய்ஸில் புஷ்னெல் அருகே பண்ணை நிலத்தில் நடந்த கார்னர்ஸ்டோன் விழாவில் இன்னொரு நுட்பம் உண்டு. இடம் கிடைக்காத குழுக்கள் சொந்த ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, புழுதிக்கு நடுவே தாங்களாகவே மேடை போட்டுக்கொள்வார்கள். பழைய ஜெனரேட்டரில் சுமை ஏறினால் சுழற்சி தளரும், அலைவும் 60க்குக் கீழே இறங்கும். அங்கே சாத்தான் அபசுரம்.

இப்போது நிவாரணம். உறுமல் எழுந்ததும் பாடகர் ஆம்ப் மேல் கை வைக்கிறார். மற்றவர்கள் அவர் தோள்மேல் கை வைக்கிறார்கள். சத்துருவின் கிரியைகளைக் கட்டி ஜெபிக்கிறார்கள். அதே நேரத்தில் மேடையோரம் குனிந்திருக்கும் சித்தப்பா மகன், கிட்டாரை மிக்ஸர் கேபிளோடு இணைக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிஐ பாக்ஸின் பக்கவாட்டில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று எழுதியிருக்கும் குட்டிப் பொத்தானை நகத்தால் தள்ளுகிறான். எர்த் இணைப்பு அறுகிறது, சுற்றும் அறுகிறது. அமைதி. 'ஆமென்' என்ற சத்தம். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பகுத்தறிவாளர் சொல்வார். எந்தக் காக்காய் என்பதே நம் ஆய்வுக்குரிய கேள்வி. அன்று மேடையில் இரண்டு உட்கார்ந்திருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, பொத்தானைத் தள்ளிய பையனும் கண்ணை மூடி 'ஆமென்' சொல்கிறான் என்பது.

அடுத்தது புகை. மேடையில் லைட் கதிர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் புகை இயந்திரம் வேண்டும். கிளைக்கால் கலந்த தண்ணீரைச் சூடாக்கிப் பீய்ச்சுகிற சாதனம் அது. தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கூரையில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டர் தர்க்க சாஸ்திரம் படித்தது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற அனுமானத்தை மணிமேகலைக் காலத்துச் சமயவாதிகளைப் போலவே உறுதியாக நம்புகிறது. துகள்கள் ஒளியைச் சிதறடித்த மாத்திரத்தில் மணியை அடித்துவிடும். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிடும், வாலிபர் ஊழியர் வாசலில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தச் சம்பவத்தைச் சாத்தான் கணக்கில் எழுத யாரும் துணிவதில்லை. புகை விட்டது நாம் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் காரணத்தை அவன்மேல் ஏற்றக் கூடாது என்பது இலக்கணத்தின் முதல் விலக்கு.

வேன் விஷயத்தில் அந்த விலக்கு சற்றுத் தளர்கிறது. பதினைந்து இருக்கை வேனில் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால், ஆள் குறைவாகப் போகும்போது இருப்பதைவிட அது கவிழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் எச்சரித்தது. பாரம் ஏற ஏற அதன் மையம் பின்னாலும் மேலேயும் நகர்வதே காரணம். பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தால் இன்னும் மோசம். சாத்தான் வேலை செய்ய விரும்பும் இடம் பின்பக்க வலது டயர் என்று பயணிகள் சொல்வதன் இயற்பியல் இதுதான். இந்தப் பத்தியின் மீதியில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். ரிச் முல்லின்ஸ் என்ற அருமையான பாடலாசிரியர், 1997 செப்டம்பர் 19 இரவு, கான்சாஸில் ஒரு நன்கொடை நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், இல்லினாய்ஸ் நெடுஞ்சாலையில் ஜீப் கவிழ்ந்த விபத்தில் இறந்தார். சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. வயது 41. அதற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்ற கேள்விக்கு இந்த இலக்கணத்தில் விதி இல்லை.

பணப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சம்பளம் கிடையாது, வாளி சுற்றி வரும், அதில் விழுவது காணிக்கை. காணிக்கை பெட்ரோலுக்குக்கூடக் காணாவிட்டால் அது சாத்தான் அல்ல, சோதனை. சாத்தான் என்றால் சபையார் அவனுக்கு இணங்கினார்கள் என்று ஆகிவிடும், அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். மீதிக் கணக்கை டி-ஷர்ட் தாங்குகிறது. இயேசு சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது பையும் பணமும் இரண்டு அங்கியும் கொண்டுபோக வேண்டாம் என்றார். இழுவை வண்டியில் அங்கிகள் ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸ்.எல். வரை இருக்கின்றன. அவை விற்பதற்குத்தானே தவிர உடுத்த அல்ல என்று உரையாசிரியர்கள் அமைதி கூறுவர்.

நிகழ்ச்சி முடிந்தபின் சாமான் ஏற்றும் வேளைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. டிரம்மருக்கு ஒன்பது உருப்படி, பாடகருக்கு ஒரு மைக். பாடகர் அந்நேரம் மேடைக்கு முன்னால் கண்ணீரோடு வந்து நிற்கும் பிள்ளைகளோடு ஜெபித்துக்கொண்டிருப்பார். ஜெபம் உண்மையானது, அது நீண்டுகொண்டே போவதும் உண்மை. கடைசி ஆம்ப் வண்டியில் ஏறி, கதவு சாத்தப்படும் நொடியில் அது நிறைவு பெறும். மார்த்தாள், மரியாள் கதையை டிரம்மர்கள் எல்லாருமே மார்த்தாள் பக்கம் நின்றுதான் வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்ற தீர்ப்பு, பேஸ் டிரம்மை மாடிப்படியில் இறக்குபவனுக்கு அவ்வளவு ஆறுதல் தருவதில்லை.

இந்த இடத்தில்தான் கட்டுரையின் மையக் கருத்தை வைக்கிறேன். ஒரு வேனில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உட்காரும் ஐவரிடையே பழி என்று ஒன்று தினமும் உற்பத்தியாகிறது. அதை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டும். மற்ற ராக் குழுக்கள் மேனேஜர்மேல் இறக்கும். மேனேஜர் வைக்க வசதி இல்லாதவர்கள் சாத்தான்மேல் இறக்குகிறார்கள். அவன் கோபித்துக்கொண்டு வேனை விட்டு இறங்கிப் போவதில்லை, பெட்ரோலில் பங்கு கேட்பதில்லை, ஜன்னலோர இருக்கையும் கேட்பதில்லை. இதற்கும் மூல நூலில் சான்று உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புகிறவர்கள் மூவர்: பவுல், சில்வான், தீமோத்தேயு. தடைக்குச் சாத்தானைக் காரணம் காட்டிய குழு உடையாமல் இருந்திருக்கிறது. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப்போன மாற்கை மறுபடியும் அழைத்துப் போவதா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் வாக்குவாதம். அந்த வரலாற்றில் சாத்தானின் பெயரே இல்லை. குற்றம் நேராக மாற்கின்மேல் விழுந்தது. ஒருவர் சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார், மற்றவர் சீரியா வழியே நடந்தார். சுற்றுப்பயணக் குழுக்களின் பிளவு வரலாறு இங்கே தொடங்குகிறது என்று கொள்வதே பொருத்தம்.

வளர்ந்து பேருந்துக்கு மாறிய குழுக்களில் இந்த இலக்கணம் வழக்கொழிந்துவிடுகிறது. அங்கே சம்பளத்துக்கு ஒரு சவுண்ட் என்ஜினியர் இருக்கிறார். உறுமல் எழுந்தால் யாரும் ஆம்ப் மேல் கை வைப்பதில்லை. ஐந்து பேரும் திரும்பி அவரைப் பார்க்கிறார்கள். அவர் டிஐ பாக்ஸின் பொத்தானைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே தள்ளித்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், பேஸ் கிட்டார்காரரின் கேபிளைச் சந்தேகத்தோடு கையில் எடுக்கிறார். கேபிள் சொந்தக்காரர், அது புதுசு என்கிறார்.