அளவு பிசகாத கை

ஒரு நகராட்சியிலோ பேரூராட்சியிலோ மெய்யாகவே திறமையாக நடக்கும் பிரிவு எது என்று கேட்டால், வருவாய்ப் பிரிவு என்று தயங்காமல் சொல்வேன். பொறியியல் பிரிவில் கோப்பு மேசை மாறி மேசை நகரும். சுகாதாரப் பிரிவில் எப்போதும் ஆள் பற்றாது. வருவாய்ப் பிரிவுக்கு இந்தச் சங்கடங்கள் கிடையாது. ஏப்ரல் பிறந்தால் முதல் அரையாண்டு, அக்டோபர் பிறந்தால் இரண்டாம் அரையாண்டு. இடையில் வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் அந்தத் தேதிகள் தள்ளிப்போவதில்லை. வரி விதிப்பு எண், சதுர அடி, கூரையின் வகை, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பது வரை எல்லாம் ஏட்டில் இருக்கும். மொட்டை மாடியில் நாலு தூண் நட்டுத் தகரம் போட்டுப் பாருங்கள். அடுத்த அளவெடுப்பில் அது தப்பாது. கோயம்புத்தூரில் ட்ரோன் பறக்கவிட்டே வீடுகளை அளந்தார்கள். வானத்திலிருந்து பார்த்து ஓர் அறை கூடியிருப்பதைக் கண்டுபிடிக்கும் கண், அரசாங்கத்தில் வேறு எந்தப் பிரிவுக்கும் வாய்க்கவில்லை.

இதில் பொய் எதுவும் இல்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னதிலும் பொய் இல்லை. அங்கிருந்த ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாகத்தான் காவலில் இருந்தன. ஆடிச் செவ்வாயில் தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மனுக்குக் கூழும் கொழுக்கட்டையும் படைக்கிற நாஞ்சில் நாட்டுக்கு அந்தப் பாராட்டும் முறை புதிதல்ல. கண்ணால் கண்ட நல்லதை ஒன்று விடாமல் சொன்னால் போதும். மற்றதைக் கேட்பவரே விளங்கிக்கொள்வார்.

நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டத்தில் வீட்டு வரியைப் பற்றிப் பேசத் தனிக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். தோவாளையிலிருந்து களியக்காவிளை வரை எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நாகர்கோவில் மாநகராட்சி, அதன்பின் பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்ற நகராட்சிகள், அவற்றுக்கும் மேலே ஐம்பதையொட்டிய பேரூராட்சிகள். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீடாக நிற்கும் விளை வீடும் பெரும்பாலும் ஏதாவதொரு பேரூராட்சிக்குள்தான் நிற்கும். அரையாண்டுக்கு ஒருமுறை தீர்வை கட்டும். அதே கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. கேட்பு அறிவிப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்கிற வீடு இங்கே குறைவு. வாசித்து, கூட்டிப் பார்த்து, தெரிந்தேதான் கட்டுகிறார்கள்.

வரியை உயர்த்தத் துணிந்தவர்களையும் பாராட்டவேண்டும். சொத்து வரி உயர வேண்டியதுதான் என்று நான் நம்புகிறேன். சென்னைக்கு வெளியே 2008-இல் வைத்த மதிப்பை வைத்துக்கொண்டு 2022-இல் தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்ட முடியாது. துப்புரவுப் பணியாளருக்கு நியாயமான சம்பளமும் தர முடியாது. நம் நாட்டு மொத்த உற்பத்தியில் சொத்து வரியின் பங்கு அரை விழுக்காட்டையும் எட்டவில்லை. வளர்ந்த நாடுகள் பலவற்றில் அது ஒரு விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே உயர்த்துவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இங்கே இரண்டு முறை வந்தது. 2018 ஜூலையில் வந்தபோது மக்கள் உயர்ந்த வரியைக் கட்டினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாக வாங்கியதைப் பின்வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். பிறகு ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 22-இல் ஓட்டு எண்ணினார்கள், ஏப்ரல் முதல் தேதி வரி உயர்வு அறிவிப்பானது. எண்ணி 38 நாள். இரண்டு ஆட்சிகளும் வரியை உயர்த்தும் அளவுக்குத் துணிவுள்ளவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தத் துணிவு ஜனவரியிலேயே வந்திருந்தால், வீடு வீடாக ஓட்டுக் கேட்க வந்தபோதே எவ்வளவு உயரும், எதற்காக உயரும் என்று சொல்லியிருக்க முடியும். நாஞ்சில் நாட்டார் அதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்.

அந்தத் தேர்தலே பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்தது. 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊர்களை நடத்தினார்கள். நாகர்கோவில் 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானபோதும் அதற்கு வாழ்த்துச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளிலும் வருவாய்ப் பிரிவு ஓர் அரையாண்டைக்கூடத் தவறவிடவில்லை. மன்றம் இல்லாமல் நகராட்சி நடக்கும், வசூல் இல்லாமல் நடக்காது என்று அவர்கள் தம் உழைப்பால் நிரூபித்தார்கள்.

2022 உயர்வின் கணக்கு தெளிவானது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சி, பேரூராட்சிகளிலும் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு 100, தொழிற்சாலைக்கும் கல்வி நிலையத்துக்கும் 75. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்குக் கூடுதல் என்ற நியாயம் இதில் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அளவுநாடாவின் நேர்மையும் இருக்கிறது. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,800 சதுர அடி, மற்றது 1,801. முதல் வீடு 1,750 கட்டும்; இரண்டாம் வீடு 2,000 கட்டும். ஒரே ஒரு சதுர அடிக்கு 250 ரூபாய். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு நிலம் விற்றவர்கூட அடிக்கு இத்தனை துல்லியமாக விலை வைத்திருக்கமாட்டார்.

நாஞ்சில் நாட்டில் இந்த அளவுநாடா போய் விழும் இடங்களைப் பார்க்கவேண்டும். அரங்கும் பத்தாயமும் தட்டும் நடுமுற்றமுமாக, கூட்டுக் குடும்பம் இருபது பேருக்குக் கட்டிய ஓட்டு வீடுகள் பூதப்பாண்டியிலும் தாழக்குடியிலும் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, முன்னறையில் ஒரு கிழவி மட்டும் இருப்பாள். மற்ற அறைகளில் வௌவால். மழைக்கு ஓடு மாற்றவே அவளுக்கு வழியில்லை. அளவெடுப்பவர் அந்த அறைகளையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும், எழுதுகிறார். கட்டடத்தின் வயதுக்குக் கழிவு உண்டு. கட்டுபவரின் வயதுக்கு இல்லை. வௌவால் அறைக்கும் வாடகை மதிப்பு உண்டு என்று கண்டுபிடித்த சட்டத்தின் நுட்பத்துக்கு முன்னால், "நான் ஒரு மூலையிலதானே மக்கா கிடக்கேன்" என்ற அவளுடைய வாதம் எடுபடாது.

இனி இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் மன்றம் கூடிப் பேசவேண்டிய சிரமமும் இல்லை. ஆண்டுக்கு 6 விழுக்காடு, அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது கூடுதலோ அது ஏறும் என்று விதி செய்துவிட்டார்கள். 6 விழுக்காடு என்றாலே பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகும். விதியின் வேர் டெல்லியில் இருக்கிறது. நகரங்களுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்கவேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளரவேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. நிதிக்குழுவின் எச்சரிக்கை உணர்வை நான் மதிக்கிறேன். தான் கொடுக்கும் மானியத்தில் நாகர்கோவில் போன்ற ஊர்களுக்கான பங்கில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிக் கொடுத்தது. தன் பணம் எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த உத்தரவு வரியை எவ்வளவு ஏற்றவேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. உள்ளூர் மன்றங்கள் கைதூக்கித் தீர்மானம் போட்டன. இத்தனை பேர் சேர்ந்து கவனமாகச் செய்த வேலையில், ஏறிய வரியில் ஓடைக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று எழுதும் வேலை ஒருவர் பங்கிலும் வரவில்லை.

பழைய சட்டத்தில் அது இருந்தது. 1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்து வரியைப் பொதுச் செலவுக்கு, குடிநீருக்கும் வடிகாலுக்கும், விளக்குக்கு என்று பிரித்து விதிக்க இடம் வைத்திருந்தது. விளக்கு எரியாவிட்டால் எந்தக் காசைப் பற்றிக் கேட்பது என்று கட்டுபவருக்குத் தெரியும். 2023 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பழையது போய்விட்டது. இன்று குடிநீருக்குத் தனிக் கட்டணம். பாதாள சாக்கடை வந்த இடத்தில் அதற்குத் தனிக் கட்டணம். பல ஊர்களில் குப்பை எடுக்கவும் தனிக் கட்டணம். இவை போக வீட்டு வரி. அந்த வரியிலும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. எல்லாவற்றுக்கும் தனித்தனி ரசீது தருகிறார்கள். ரசீது தருவதில் குறையே சொல்ல முடியாது.

இந்தப் பணத்துக்கு நாகர்கோவில் என்ன பெற்றது என்று பட்டியல் போட எனக்கு மனமில்லை. இரண்டு இடத்தைச் சொல்கிறேன். சுருளோட்டுப் பக்கம் தெளிந்து வரும் பழையாறு, ஒழுகினசேரியைத் தாண்டிச் சுசீந்திரம் போய்ச் சேரும்போது நகரத்தின் கழிவு நீரைச் சுமந்துகொண்டு போகிறது. தாணுமாலயனைக் கும்பிட வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறார்கள். வலம்புரிவிளையில் பல பத்தாண்டுக் குப்பை மலையாகக் கிடந்து, அவ்வப்போது தீப்பிடித்துப் புகைந்திருக்கிறது. அந்தப் புகையைத் தின்று வளர்ந்த குழந்தைகளின் வீடுகளும் அரையாண்டு வரி கட்டிய வீடுகள்தான். 2021 நவம்பர் மழையில் மாவட்டமே தண்ணீரில் நின்றது. குளமும் காலும் தூர்ந்து, அவற்றின் மேல் கட்டடம் எழும்பியதால் தண்ணீருக்குப் போக வழியில்லை. அந்தக் கட்டடங்களும் வருவாய்ப் பிரிவின் ஏட்டில் இருக்கின்றன. நீர் போகும் வழியில் நிற்கிறது என்று எந்தப் பிரிவுக்கும் தெரியாமல் போன கட்டடத்தின் சதுர அடி இந்தப் பிரிவுக்குத் தெரியும்.

தமிழகத்தின் சில ஊர்களில் வரி பாக்கி வைத்தவரின் கடை வாசலில் குப்பைத் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கிறார்கள். தொட்டி தட்டுப்பாடு, வண்டி இல்லை, ஆள் இல்லை என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய எனக்கு, பாக்கிக்காரரின் வாசலுக்கு ஒரே காலையில் தொட்டி போய்ச் சேர்ந்த செய்தி பெரிய நம்பிக்கை தந்தது. தொட்டி இருக்கிறது. ஏற்றிப் போக வண்டி இருக்கிறது. இறக்கி வைக்க ஆளும் இருக்கிறார்.

மிகப் பெரிய பாராட்டு கட்டுகிறவர்களுக்குப் போகவேண்டும். இந்த மண்ணின் பழைய பழக்கம் இப்போது இருப்பதல்ல. வேணாட்டு ஆட்சியின் கீழ் இருந்த நாஞ்சில் நாட்டார், படையெடுப்பிலிருந்து காக்க முடியாத அரசு தீர்வை மட்டும் கேட்டபோது, 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாட்டுக்கூட்டம் கூடி, கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள். 1799-இல் திருவனந்தபுரத்து அமைச்சர் கட்டாய வசூல் கேட்டபோது, காரியக்காரராக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பி மூன்று நாள் தவணை கேட்டுத் திரும்பிவந்து, பணத்துக்குப் பதிலாக ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார். அந்த அமைச்சர் பதவி இழந்தார். தலைக்கும், பனையேறும் ஏணிக்கும், தளைநாருக்கும் வரி கட்டி நொந்த சனங்களின் குரலாகச் சாமித்தோப்பிலிருந்து வைகுண்டர் பேசினார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஏப்ரல் மாதத்திலேயே வரிசையில் நிற்கிறார்கள். முப்பது நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபாய், அதை விடுவதில்லை. ஓடையைப் பற்றிக் கேட்க எண்ணி வந்தவரும் ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார். பின்னால் வரிசை நீளம். கவுண்டரில் இருப்பவரிடம் ஓடையைப் பற்றிக் கேட்டு என்ன பயன் என்று அவருக்குத் தெரியும். இத்தனை பண்பான குடிமக்கள் வேலுத்தம்பி காலத்து அமைச்சருக்கு வாய்த்திருந்தால் அவர் பதவியிலேயே இருந்திருப்பார்.

குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஐ நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். 2022 முதல் அதே நாள் உள்ளாட்சி நாளாகவும் ஆகியிருக்கிறது. வார்டு தோறும் பகுதி சபை கூடுவதற்கும் விதி வந்துவிட்டது. அந்தச் சபைக்கு வருவாய்ப் பிரிவினரை அழைக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்தத் தெருவில் எத்தனை வீடு, கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் ஏட்டைப் புரட்டி உடனே சொல்லிவிடுவார்கள். அதே தெருவுக்கு அந்த ஆண்டு செலவான தொகையைப் பக்கத்துப் பத்தியில் எழுதும் வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். வேறு பிரிவுக்குக் கொடுத்தால் கோப்பு நகரத் தொடங்கிவிடும். எந்தக் காலத்திலோ விட்டுப்போன ஓர் அரையாண்டுப் பாக்கியை இன்று தோண்டி எடுத்து மாதம் 1 விழுக்காடு வட்டியோடு கேட்கத் தெரிந்தவர்கள், ஓடை தூர்வார ஒதுக்கிய பணம் எங்கே போய் நின்றது என்பதை ஒரு மாலைப் பொழுதுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.