பாஸ்டன் கடிதம்: ஆயிரம் வருஷக் குத்தகை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. ஆரஞ்சு லைன் ரயிலின் கடைசி நிறுத்தமான ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு தமிழ்க் குடும்பம் இறங்குகிறது. மருமகன் தோளில் கேமரா, மகள் கையில் ஜமுக்காளம், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் கையில் தூக்கு நிறையப் புளியோதரை. போகிற இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்ட் ஆர்பரீட்டம். 281 ஏக்கர் மரத்தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிட அனுமதியும் கிடையாது. லைலாக் பூக்கும் இந்த ஒரு ஞாயிறு மட்டும் விலக்கு. 1908 முதல் கொண்டாடுகிறார்கள். கூட்டம் பூவுக்கா சாப்பாட்டுக்கா என்று கேட்கக் கூடாது.

காலமெல்லாம் பத்திரம் எழுதிய உங்களுக்கு மரங்களைவிட இந்த இடத்தின் பத்திரம்தான் ருசிக்கும். திமிங்கில வேட்டைத் தொழிலில் சம்பாதித்த ஜேம்ஸ் அர்னால்ட் விட்டுப்போன பணத்தில் 1872-இல் தொடங்கியது தோட்டம். முதல் இயக்குநர் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட்டுக்குக் காசு பற்றவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பேசிப் பேசியே நகராட்சியை மசிய வைத்தார். 1882-இல் நிலம் நகரத்தின் பெயருக்கு மாறியது. நகரம் அதை ஹார்வர்டுக்கே குத்தகைக்கு விட்டது. காலம் 1000 வருஷம். குத்தகைப் பணம் வருஷத்துக்கு 1 டாலர். முடிந்தால் இன்னொரு ஆயிரம் வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்று ஷரத்து வேறு! சாலையும் போலீஸ் காவலும் நகரத்தின் செலவு.

நம் ஊரில் 11 மாத வாடகை ஒப்பந்தத்துக்கே வீட்டுக்காரர் மூன்று தரம் யோசிப்பார்.

மரங்களுக்கும் சர்வே நம்பர் உண்டு. ஒவ்வொன்றிலும் சின்ன உலோகத் தகடு. அதில் பெயரும் பதிவெண்ணும். பதிவெண்ணிலேயே வந்த வருஷம் தெரிந்துவிடும். எண்ணில் 48 இருந்த மரத்தடியில் மருமகன் நின்றுவிட்டார். மெட்டாசெக்வோயா. 1941-இல் ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிகி புதைபடிவங்களைப் பார்த்துப் பெயர் வைத்த இனம் இது. என்றோ அழிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தார்கள். சில வருஷங்களில் சீனக் கிராமம் ஒன்றில் ஆள் உயிரோடு நிற்பது தெரிந்தது. விதை சேகரிக்க இங்கிருந்து 250 டாலர் போனது. 1948 ஜனவரியில் விதை வந்தது. உலகத் தோட்டங்களுக்கெல்லாம் பங்கு பிரிந்தது. செம்பழுப்பாக, நார்நாராக உரியும் பட்டை. ஊசியிலை மரம்தான், ஆனால் தொட்டால் குத்தாது. குளிர்காலத்தில் மொத்த இலையையும் உதிர்த்துவிடும்.

கதையைக் கேட்ட மாமியார், “செத்துட்டான்னு வாரிசுச் சான்றிதழ் வாங்கின பிறகு ஆள் வந்து நின்ன மாதிரி இருக்கே!” என்றார்.

அவருக்கு மனம் ஆறாத இடம் போன்சாய்க் கொட்டகை. ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்த லார்ஸ் ஆண்டர்சன் 1913-இல் கொண்டுவந்த குட்டை மரங்கள் அங்கே இருக்கின்றன. அதில் ஒரு ஹினோகி சைப்ரஸ் 1737-இலிருந்து தொட்டியில் வளர்கிறது. மாமியார் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்வளவு வருஷமா தண்ணி ஊத்தியும் இவ்வளவுதானா? மண்ணை மாத்தி, கொஞ்சம் சாணி உரம் போடச் சொல்லுங்க மாப்பிள்ளை.”

பெரியம்மாவுக்கு நமஸ்காரம். மற்றவை அடுத்த கடிதத்தில்.